இரும்பு மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் ஏன் ஒண்ணா போடக் கூடாது? இரண்டுக்கும் பின்னால் இருந்த சுப்பாராவின் கதை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு பெண் இரண்டு சீட்டுகளை நீட்டுகிறார். ஒன்று பழையது. ஹீமோகுளோபின் குறைவு என்று மூன்று மாதமாகப் போட்டுவரும் இரும்பு - ஃபோலிக் அமில மாத்திரை. இன்னொன்று, காய்ச்சலுக்கு அன்றைக்குத்தான் எழுதிய டாக்ஸிசைக்ளின். கடைக்காரர் இரண்டையும் கவரில் போட்டுவிட்டு, இதையும் அதையும் சேர்த்துப் போடாதீங்க, நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் கேப் விடுங்க என்கிறார். ஏன் என்று கேட்க நேரமில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, பஸ்ஸும் வந்துவிட்டது.

அந்த ஏன் என்ற கேள்விக்குள் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது. அந்தக் கவரில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டிய குழுவை நடத்தியவரும், டாக்ஸிசைக்ளினுக்குத் தாத்தா முறையான ஆரியோமைசினைக் கண்டுபிடித்த குழுவை நடத்தியவரும் ஒருவரே. எல்லாப்பிரகட சுப்பாராவ். மருத்துவம் படித்தது நம்ம சென்னையில். ஆவடியிலோ அம்பத்தூரிலோ லோக்கல் ஏறி மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைக் கடந்தால் வரும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில்தான்.

மூன்றாவது முயற்சியில் பாஸ்

1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். இன்றைய ஆந்திரா, அன்றைய சென்னை மாகாணம். அப்பாவுக்கு வருவாய்த் துறையில் சின்ன வேலை. உடல்நிலை கெட்டு அதுவும் சீக்கிரமே போனது. வீட்டில் ஏழு பிள்ளைகள். 13 வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவதுதான் திட்டம். அம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி.

இடையில் ராமகிருஷ்ணா மிஷனில் துறவியாகச் சேர ஆசைப்பட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. டாக்டரானால் இன்னும் நிறைய சேவை செய்யலாம் என்று மிஷனிலும் திருப்பி விட்டார்கள். நண்பர்கள் கொடுத்த பணத்திலும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியின் உதவியிலும் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். 1919-ல் கல்யாணம். மனைவி பெயர் சேஷகிரி.

அந்தக் காலத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவருக்கும் ஒரே நோய்: வெப்பமண்டல ஸ்ப்ரூ. குடல் சாப்பாட்டை உறிஞ்ச முடியாமல் போய், விடாத பேதியில் உடம்பு வற்றி, ரத்தமும் நீர்த்துப்போகும் நோய் அது. சாப்பிட்டுக்கொண்டே பட்டினியில் சாவது மாதிரி. அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை. மெடிக்கல் காலேஜில் படிக்கும் பையனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

படிப்பிலும் ஒரு சறுக்கல் வந்தது. காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன நேரம். சுப்பாராவ் கதர்த் துணியில் தைத்த அங்கியோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சட்டைத் துணிக்காக ஒருவரின் பட்டத்தையே குறைத்த காலம் அது என்று கடந்து போய்விடலாம். ஆனால் இதன் விளைவு சின்னதல்ல. மாகாண மருத்துவப் பணிக்கு முயன்றும் வேலை கிடைக்கவில்லை.

வேலை கொடுத்தது டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரி. எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை என்று போர்டு பார்த்திருப்பீர்களே, சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரான அந்த ருக்மணியின் கணவர்தான் இந்த லட்சுமிபதி. அங்கே உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார் சுப்பாராவ். மூலிகைகள் ஏன் வேலை செய்கின்றன, எந்தப் பொருளால் வேலை செய்கின்றன என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. விடை தேட வேதியியல் வேண்டும், ஆய்வகம் வேண்டும். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை தருவதாகச் சொன்ன உதவியையும் மாமனார் பணத்தையும் நம்பி, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். மனைவி அப்போது கர்ப்பம். பிறந்த மகன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டான். அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. சுப்பாராவ் அதன்பிறகு இந்தியாவுக்குத் திரும்பவும் இல்லை. அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது மனசு ஒட்டாத இடம் இதுதான். சேஷகிரி எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பதை அவருடைய சாதனைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

பெட்பேன் கழுவிய டாக்டர்

ஹார்வர்டில் இடம் கிடைத்தது, சாப்பாட்டுக்குப் பணம் இல்லை. இந்தியாவில் வாங்கிய டாக்டர் பட்டம் அங்கே செல்லாது. பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு நேர உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் பெட்பேனை எடுத்துக் கொட்டி, கழுவி வைப்பது. ஆஸ்பத்திரிக்குள் கிருமி எப்படிக் கைமாறுகிறது என்பதைப் புத்தகத்தில் அல்ல, கையாலேயே தெரிந்துகொண்டவர் என்று சொல்லலாம்.

பகலில் ஆய்வகம். சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்றால் உடனே ஞாபகம் வரும். அதைப் பிடித்துக்கொண்டே போய் 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. இரண்டும் தசை இயங்கத் தேவையான ஆற்றலைச் சுமக்கும் பொருட்கள். ஏ.டி.பி.யை அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் கண்டுபிடித்தார். 1930-ல் பிஎச்.டி. இவ்வளவுக்கும் பிறகு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

ஆனால் அவர் மனசு ஸ்ப்ரூவை விடவில்லை. ஈரல் சாப்பிட்டால் ஒரு வகைக் கடும் ரத்தசோகை குணமாகிறது என்று 1926-ல் அதே பாஸ்டனில் மைனாட், மர்ஃபி இருவரும் காட்டியிருந்தார்கள். ஈரலுக்குள் இருக்கும் அந்தப் பொருள் எது? சுப்பாராவ் பல வருஷம் ஈரல் சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. அது வைட்டமின் பி12 என்று 1948-ல் வேறு இரண்டு கம்பெனிகளின் ஆய்வகங்கள் கண்டன. அந்தப் பந்தயத்தில் அவர் தோற்றார்.

தோற்ற பாதையில் வேறொன்று கிடைத்தது. 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநரானார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பெருக இது தேவை. இது இல்லாவிட்டால் அணுக்கள் முதிராமல், பெரிசு பெரிசாக, எண்ணிக்கை குறைந்து வெளியே வரும். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தபோது ரத்தம் மீண்டது. அண்ணனும் தம்பியும் போய் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரத்தசோகை என்றால் எல்லாம் இரும்புக் குறைவு அல்ல. இரும்பு குறைந்தால் அணுக்கள் சின்னதாக, வெளிறிப் போகும். ஃபோலிக் அமிலம் குறைந்தால் பெரிதாகி எண்ணிக்கை குறையும். நம்ம ஊரில் இரண்டும் சேர்ந்தே வரும் என்பதால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டாங்கி செய்யும் ஆவடியிலும் லேத் சத்தம் ஓயாத அம்பத்தூரிலும் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ரத்தத்தில்தான் இல்லை.

ஃபோலிக் அமிலத்தைத் தயாரிக்கத் தெரிந்தபின், அதைப் போலவே உருவம் காட்டி அணுக்களை ஏமாற்றும் மருந்துகளையும் அவர் குழு செய்தது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அதில் ஒன்றைக் கொடுத்து, தற்காலிகமாகவாவது நோய் அடங்குவதை 1948-ல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட் அந்த வரிசையில் வந்ததுதான். யானைக்கால் ஒழிப்புக்காக வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அதே ஆய்வகத்தில், அதே சில வருஷங்களுக்குள் வந்தது. ஒரு மனிதரின் வேலையில் இதுவே போதும். ஆனால் நாம் தேடி வந்த கதை இனிமேல்தான்.

தங்க நிற மருந்து

70 வயதைத் தாண்டி ஓய்வு பெற்ற பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளரை சுப்பாராவ் நடத்திய ஆய்வகம் வேலைக்கு வைத்துக்கொண்டது. அவர் பல இடங்களிலிருந்து மண் வரவழைத்தார். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் தங்க மஞ்சள் நிறத்தில் எதையோ சுரந்தது. பென்சிலினுக்குக் கட்டுப்படாத பல கிருமிகளையும் அது அடக்கியது. தங்கத்தின் லத்தீன் பெயரை வைத்து ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள். டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தில் முதல் பிள்ளை இது. டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின், டைஜிசைக்ளின் எல்லாம் பின்னால் வந்தவை.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. உலோகத்தைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கால்சியம், மெக்னீசியம், இரும்பு எதுவாக இருந்தாலும் சரி. ஆரியோமைசினின் இந்தக் குணத்தை 1953-ல் ஏட்ரியன் ஆல்பர்ட் அளந்து எழுதினார். இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் டெட்ராசைக்ளின் ரத்தத்தில் சரியாகச் சேருவதில்லை என்று 1970-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஆட்களிடமே சோதித்துக் காட்டினார்கள். வயிற்றில் இரண்டும் கட்டிக்கொண்டு கரையாத ஒரு பொருளாகிவிடும். மருந்தும் உள்ளே போகாது, இரும்பும் போகாது. அம்பத்தூர் கடைக்காரர் சொன்ன கேப் இதற்குத்தான். பாலோடும் ஜெலுசில் போன்ற அசிடிட்டி மருந்தோடும் இதைப் போடாதீர்கள் என்பதும் இதே காரணத்தால். டாக்ஸிசைக்ளின் ரத்தத்திலிருந்து மறுபடியும் குடலுக்குள் வந்து போகும் மருந்து என்பதால், சில டாக்டர்கள் அந்த ஒரு வாரம் இரும்பையே நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அது அவர்கள் முடிவு. நாமாக நிறுத்த வேண்டாம்.

கிருமிக்கும் இரும்பு வேண்டும்

சரி, மாத்திரைக் கதை முடிந்தது. ஆனால் இரும்புக்கும் கிருமிக்கும் இடையே இதைவிடப் பெரிய சண்டை ஒன்று நடக்கிறது, அதுவும் ஐ.சி.யு.வில்.

நம் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்பு. ஒரு சின்ன ஆணி அளவு. அதையும் உடம்பு வெளியே விடாது. ரத்தத்தில் ட்ரான்ஸ்ஃபெரின், கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் எச்சிலிலும் லாக்டோஃபெரின் என்று காவலுக்கு ஆள் போட்டுப் பூட்டி வைத்திருக்கும். காரணம், பெரும்பாலான கிருமிகளும் இரும்பு இல்லாமல் வளராது. காய்ச்சல் வந்தால் உடம்பு இன்னும் இறுக்கிப் பூட்டும். கடுமையான கிருமித் தொற்று இருக்கும்போது ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதைப் பொதுவாக டாக்டர்கள் தள்ளிப்போடுவது இதனால்தான்.

கிருமிகள் சும்மா இருக்குமா? இரும்பைக் கவ்வி இழுத்து வரும் குட்டி மூலக்கூறுகளை வெளியே அனுப்பும். சைடரோஃபோர் என்று பெயர். ஆஸ்பத்திரித் தொற்றில் அடிக்கடி பெயர் அடிபடும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் மூன்றிடமும் இது உண்டு. இரும்பு கிடைத்தால் அடுத்த வேலை வீடு கட்டுவது. தண்ணீர்த் தொட்டியின் உட்புறம் விரல் வைத்தால் வழுக்குமே, அல்லது காலையில் பல்லில் பிசுபிசு என்று இருக்குமே, அதுதான் பயோஃபிலிம். கோடிக்கணக்கான கிருமிகள் பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டுக் குடித்தனம் நடத்தும். சிறுநீர்க் குழாய், கழுத்தில் போடும் சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர் குழாய் எல்லாம் இதற்கு நல்ல மனை. தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லும் மருந்தின் அளவு, இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிக்குப் பத்தாது. அதனால்தான் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், டாக்டர்கள் குழாயையே கழற்றி மாற்றுகிறார்கள்.

இரும்பு இதில் எவ்வளவு முக்கியம்? 2002-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. லாக்டோஃபெரின் இருக்கும் இடத்தில் சூடோமோனாஸ் கிருமிகள் சாகவில்லை. ஆனால் ஓரிடத்தில் உட்காரவும் இல்லை. இரும்பு தேடி நகர்ந்துகொண்டே இருந்தன, படலம் கட்டவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. உடனே, இரும்பைப் பறித்தால் எல்லாக் கிருமியும் அடங்கிவிடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இதற்கு நேர் எதிர். இரும்பு குறைந்தால் அது இன்னும் அதிகமாகப் படலம் கட்டுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சோஷியல் மீடியாவில் இரும்புச் சத்து மாத்திரை போட்டால் தொற்று வரும் என்று யாராவது ஃபார்வர்ட் செய்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை உள்ளவர் மாத்திரையை நிறுத்தினால் நஷ்டம் அவருக்குத்தான்.

இந்த இடத்தில் சுப்பாராவின் ஆய்வகம் மறுபடியும் வருகிறது. அவர் காலத்துக்குப் பிறகு லெடர்லே மினோசைக்ளினை உருவாக்கியது. மினோசைக்ளினும் ரிஃபாம்பிசினும் பூசிய சென்ட்ரல் லைன்கள் 1990-களில் வந்தன. குழாயின் மேல் படலம் கட்ட விடாமல் தடுப்பது நோக்கம். மினோசைக்ளினோடு இ.டி.டி.ஏ. என்ற பொருளைக் கலந்து குழாய்க்குள் நிரப்பி வைக்கும் முறையையும் ஆராய்ந்தார்கள். இ.டி.டி.ஏ. செய்யும் வேலை, உலோகங்களைக் கவ்விக்கொள்வது. படலத்தைப் பிடித்து நிறுத்தும் கால்சியம், மெக்னீசியம், இரும்பு போன்றவற்றை உருவிவிட்டால் படலம் தளர்ந்துபோகும், மருந்து உள்ளே நுழையும். 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைஜிசைக்ளின் உருவானதும் அதே பேர்ல் ரிவர் வளாகத்தில்தான், கம்பெனி மட்டும் கை மாறியிருந்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட அசினெட்டோபாக்டர் தொற்றுக்கு இன்றும் அதை எடுக்கிறார்கள். சூடோமோனாஸுக்கு மட்டும் அது பலிக்காது.

இரும்புப் பசியையே தூண்டிலாக்கிய மருந்தும் இப்போது உண்டு. செஃபிடெரகால். அது தன்னோடு இரும்பைக் கட்டிக்கொண்டு போகும். கிருமி, இரும்பு வருகிறது என்று நினைத்து வாசலைத் திறந்துவிடும். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

லெடர்லேயின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆரியோமைசின் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைத் தின்ற கோழிகள் சீக்கிரம் எடை கூடுவதை அதே ஆய்வகத்தின் தாமஸ் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் கவனித்தார்கள். அதிலிருந்து கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது உலகம் முழுவதும் பரவியது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக அதுவும் ஒரு காரணம். அந்தக் கிருமிகளைச் சமாளிக்க என்ன செய்வது என்று இந்திய மருத்துவ அமைப்புகள் கூடிப் பேசி 2012-ல் வெளியிட்ட அறிக்கைக்கு, கூடிய ஊரின் பெயரையே வைத்தார்கள்: சென்னைப் பிரகடனம்.

53 வயது

இதில் எதையும் சுப்பாராவ் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்டில் ஒரு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. ஆரியோமைசினை அறிவித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அமெரிக்கக் குடியுரிமை கடைசிவரை பெறவில்லை. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் மேடைகளில் முன்னால் நிற்காமல், கூட இருந்தவர்களை ஏற்றிவிட்டவர் என்பதால் பெயரும் பெரிதாகப் பரவவில்லை. இந்தியா அவருக்கு நூற்றாண்டு ஆண்டான 1995-ல் ஒரு தபால்தலை வெளியிட்டது.

அவர் பெயரில் ஒரு பூஞ்சையும் உண்டு. லெடர்லேயில் வேலை பார்த்த ஹெசல்டைன் 1953-ல் அதை விவரித்து, சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார். அது கிடைத்த இடம் காடோ தோட்டமோ இல்லை. கழிவுநீரைக் கற்கள் மேல் சொட்டச் சொட்ட விட்டுச் சுத்தம் செய்வார்களே, அந்த வடிகட்டி. கற்கள் மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டும் வழவழப்பான படலத்தில் அது வாழ்கிறது.